மேட்டுத் தொட்டியும் மாமாவின் நல்ல புரதமும்

என் அக்காவின் கணவர் திட்டுவதைக் கேட்க வேண்டுமென்றால் காலையில் குப்பை வண்டி ஷெட்டுக்குப் போக வேண்டும். ஊரிலுள்ள குப்பை வண்டிகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அவற்றுக்கெல்லாம் மாமாதான் மேற்பார்வையாளர். ஏதாவது ஒரு தெருவை விட்டுவிட்டு வண்டி திரும்பினால் டிரைவரை வாசல் கேட் பக்கத்தில் நிறுத்திவைத்து ஆரம்பிப்பார். அவனுடைய சோம்பல், வண்டியைக் கழுவாத லட்சணம், போன மாதம் உடைத்த பின்விளக்கு, கடைசியாக அவனை வேலைக்குச் சிபாரிசு செய்த சித்தப்பா, எல்லாம் ஒரே மூச்சில் வந்து முடியும். நடுவில் ஒரு கமாகூடக் கிடையாது. திட்டு வாங்கியவர்களே வெளியே வந்து, "மனுஷன் மூச்சு விடறாரா இல்லையா?" என்று கேட்டுக்கொள்வார்கள். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இருக்காது என்பதால் மேலே போய்ப் புகார் சொல்லவும் வழியில்லை.

மாமாவுக்கு வாழ்க்கையில் கொள்கை என்று ஒன்றே ஒன்றுதான். வண்டிய எண்ணாத, தெருவப் பாரு. மேலதிகாரிகள் தினமும் கேட்பது இன்றைக்கு எத்தனை வண்டி போயிற்று என்பதை. எல்லா வண்டியும் போயிற்று என்று எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு மனம் குளிர்ந்துவிடும். மாமாவுக்குக் குளிராது. கிளம்பிய வண்டி எங்காவது நிழலில் நின்று தூங்கலாம், பாதித் தெருவோடு திரும்பலாம், எடுத்ததைவிட அதிகமாகச் சிந்திவிட்டும் போகலாம். அதனால் மதியம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்த் தன் கண்ணால் பார்த்துவிட்டு வருவார். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் தெருப்பார். அது தெரிந்தும் தெரியாதவர்போல இருப்பார். உள்ளுக்குள் பெருமைதான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். இருட்டறையில் உட்கார்ந்துகொண்டு, "அடுத்த வரியப் படிங்க" என்று நாள் முழுக்கச் சொல்வது என் பிழைப்பு. அக்காவும் மாமாவும் மாடியில். நான் கீழ்வீட்டில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதால் சாப்பாடு மாடியில். சாப்பாட்டோடு மாமாவின் கொள்கையும் இத்தனை வருடங்களாகப் பரிமாறப்பட்டு வருகிறது. அக்காவுக்கும் எனக்கும் அது மனப்பாடம்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லோரும் உடலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று ஷெட்டில் உத்தரவு வந்தபோது மாமா ஒரு வாரம் சாக்குச் சொன்னார். மாமாவுக்கு ரத்தம் என்றால் பயமில்லை. அவருடைய அண்ணன் நாற்பத்தெட்டு வயதில் ஒரு மத்தியான வேளையில், வாயு பிடித்திருக்கிறது என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தவர். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து இதயம் என்ற சொல் வீட்டில் புழக்கத்தில் இல்லை. டிவியில் ஆஸ்பத்திரிக் காட்சி வந்தால்கூட மாமா எழுந்துபோய்க் குழாய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார்.

கடைசியில் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டுதான் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ரத்தம் எடுக்கும் பெண் வழக்கமான கொழுப்புப் பரிசோதனையோடு இன்னும் இரண்டு சேர்த்துத் தருகிற ஒரு தொகுப்பைப் பற்றிச் சொன்னாள். நாக்கு சுளுக்கிக்கொள்ளும் அளவுக்கு நீளமான பெயர். சுருக்கமாக ஏ-ஒன் என்றும் பி என்றும் சொன்னாள். கொழுப்பு ரத்தத்தில் தானாக மிதந்து போகாதாம், புரதம் சுமந்துகொண்டுதான் போக வேண்டுமாம், அந்தப் புரதங்களை அளக்கிற பரிசோதனையாம். சுமந்து போவது என்று காதில் விழுந்ததும் மாமா கையை நீட்டிவிட்டார். வந்தது வந்தாய், நீயும் கொடு என்று எனக்கும் சேர்த்து ரத்தம் எடுக்கவைத்தார்.

மறுநாள் சாயங்காலம் முடிவுகள் மாமாவின் கைபேசிக்கு வந்தன. மாமா கையை முடிந்தவரை தூரத்தில் வைத்துப் படித்தார். அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமென்று நான் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"ஏ-ஒன், நூத்தி எழுபத்தெட்டு," என்றார். "இது கூடவா, கம்மியா?"

நான் கைபேசியில் தேடிப் படித்துக் காட்டினேன். நல்ல கொழுப்பு என்று சொல்கிறார்களே, அதிலிருக்கும் முக்கியமான புரதம் இதுதான். ரத்தக்குழாய்ச் சுவர்களில் சேருகிற கொழுப்பை எடுத்துக்கொண்டு போய்க் கல்லீரலில் சேர்க்க உதவுகிறது. பொதுவாக இது அதிகமாக இருப்பது நல்லது.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"அப்ப இது நம்ம டிபார்ட்மெண்ட்டு," என்றார். "குப்பைய எடுத்துட்டுப் போய்க் கொட்டற வேலை. நம்மகிட்ட வண்டி எக்கச்சக்கமா இருக்கு. உனக்கு எவ்வளவு?"

எனக்குத் தொண்ணூற்றெட்டு. இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைவு. மாமா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம் இருந்தது. அக்காவைக் கூப்பிட்டு, "உன் தம்பிக்கு வண்டி பத்தல," என்று தகவல் சொன்னார்.

"அடுத்த வரியப் படிங்க மாமா," என்றேன், தொழில் பழக்கத்தில். அடுத்த வரியில் பி இருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் இருந்தது.

"சின்ன எழுத்துடா, தெரியல," என்று கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு மாமா இரண்டு முட்டைப் பொரியலும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அண்ணன் போனதிலிருந்து வெண்ணெயைக் கண்ணால் பார்க்காதவர். கேட்டதையெல்லாம் அக்காவும் செய்து கொடுத்தாள். பன்னிரண்டு வருடமாகச் சாப்பாட்டுத் தட்டைச் சந்தேகத்தோடு பார்த்தே சாப்பிட்டவர் சிரித்துக்கொண்டு சாப்பிடுவதைப் பார்க்க அவளுக்கும் ஆசையாக இருந்திருக்கும்.

ஷெட்டில் அந்த எண் பரவியது. பரப்பியவர் மாமாவேதான். பிரஷர், சர்க்கரை என்று வாடிப்போய் வந்தவர்களிடம், "ஏ-ஒன் எவ்வளவு?" என்று கேட்பார். அவர்கள் யாரும் அந்தப் பரிசோதனையை எடுத்திருக்கவில்லை. அதைக் கேட்டு மாமா தலையை ஆட்டுவார். எந்த நேரமும் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் காட்டுவதுபோல அந்த எண்ணைக் காட்டத் தயாராக இருந்தார். டாக்டரிடம் முடிவைக் காட்ட வேண்டிய நாள் வந்தபோது, "நல்லா இருக்கறவன் எதுக்குப் போகணும்? நீ போய்க் காட்டிட்டு வா. உனக்குத்தான் தேவை," என்று என்னை மட்டும் அனுப்பிவைத்தார். ஆய்வுக்கூடம் இருவர் முடிவையும் சேர்த்து ஒரே உறையில் போட்டிருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா சுருக்கமாகப் பேசுகிறவர். என் தாளை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏ-ஒன் கொஞ்சம் கம்மி. தினம் நடங்க, உக்காந்தே இருக்காதீங்க. பி நல்லா இருக்கு. இப்போதைக்குப் பெரிசா கவலைப்பட ஒண்ணுமில்ல."

"பி-ன்னா என்ன டாக்டர்?"

"கொழுப்பைக் கொண்டுவந்து குழாய்ச் சுவர்ல இறக்கிவிடற துகள் இருக்கில்ல, அது ஒவ்வொண்ணுலயும் ஒரு பி இருக்கும். பி அதிகம்னா அந்தத் துகள் அதிகம்னு அர்த்தம். ஏ-ஒன் எடுத்துட்டுப் போற பக்கம், பி கொண்டுவந்து கொட்டற பக்கம். ரெண்டையும் பக்கத்துல வச்சுத்தான் பாக்கணும்."

சொல்லிக்கொண்டே தாளைத் திருப்பினார். அடுத்த தாளை என் தாளைவிட அதிக நேரம் பார்த்தார்.

"இது யாரு?"

"எங்க மாமா. அவருக்கு ஏ-ஒன் பிரமாதமா இருக்குன்னு வரல."

"ஏ-ஒன் நல்லாத்தான் இருக்கு. பி ரொம்ப அதிகமா இருக்கே. சிகரெட் உண்டா? பிரஷர்? குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல மாரடைப்பு?"

"சிகரெட் முன்னாடி இருந்தது. அவங்க அண்ணன் நாப்பத்தெட்டுல போயிட்டாரு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அவர வரச் சொல்லுங்க. இந்த ஒரு எண்ண நம்பிட்டு இருக்க வேண்டாம்னு சொல்லுங்க. எண் எப்படி இருந்தாலும், மேடு ஏறும்போது நெஞ்சுல ஏதாவது பண்ணுதான்னு கேளுங்க. அதுதான் எனக்குத் தெரியணும்."

வந்து சொன்னேன். மாமா பொரித்த உருளைக்கிழங்கை மென்றபடி கேட்டார்.

"அவங்களுக்கும் நோயாளி வேணுமில்ல," என்றார். "உனக்கு என்ன சொன்னாங்க?"

"நடக்கச் சொன்னாங்க."

"அதச் சொல்லு. நாளையிலிருந்து நான் உன்னக் கூட்டிட்டுப் போறேன். பாவம், தனியா விட்டா நீ நடக்க மாட்ட."

நோயாளியாக வேண்டியவர் வைத்தியராகிவிட்டார். விடிந்ததும் கதவைத் தட்டுவார். எனக்குப் புதுச் செருப்பு, நடப்பதற்கென்றே செய்தது, வாங்கி வைத்திருந்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. வண்டி நிறைய இருக்கிறவருக்கு எதற்குச் செருப்பு? எங்கள் தெருவைக் கடந்து, பள்ளிக்கூட மதிலை ஒட்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற மேட்டுத் தெருவில் ஏறி, மறுபக்கம் இறங்கி வருவோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். என்னுடைய வண்டிப் பற்றாக்குறைதான் பெரும்பாலும் பேச்சு.

மேட்டுத் தெருவின் நடுவில், பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டுக்கு எதிரே பெரிய குப்பைத்தொட்டி ஒன்று இருந்தது. அங்கே வந்ததும் மாமா நிற்பார். மூடியைத் தூக்கி உள்ளே பார்ப்பார். சுற்றிலும் சிந்தியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். தொட்டியில் கை ஊன்றிக்கொண்டு தெருவின் இரண்டு பக்கத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, வா," என்பார். தினமும் இது நடந்தது. வேலை நேரத்துக்கு முன்னாலேயே வேலை செய்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னை நடக்கவைக்க வந்தவர் என்னை நிற்கவைக்கிறார் என்று அக்காவிடம் புகார்கூடச் சொன்னேன்.

அந்தத் தெரு நெட்டை என்ற டிரைவரின் பொறுப்பு. தெருப்பார் விடியும்போதே மேட்டுத் தொட்டியை வந்து பார்த்துவிட்டுப் போகிறார் என்ற செய்தி அவன் காதுக்கு எட்டியது. அவன் கதி கலங்கிப்போய், எல்லாத் தெருவுக்கும் முன்னால் அந்தத் தொட்டியைக் காலி செய்யத் தொடங்கினான். பிறகு கழுவினான். ஒருநாள் பார்த்தால் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறது. ஊரிலேயே அவ்வளவு சுத்தமான குப்பைத்தொட்டி வேறு இருந்திருக்காது. பச்சைக் கதவு வீட்டம்மா மாமாவைப் பார்த்துக் கும்பிட்டு, "உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா ஊரு எங்கேயோ போயிடும்," என்றார். மாமா உடனே பதில் சொல்லவில்லை. கையை மட்டும் உயர்த்தினார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஷெட்டிலும் மாமா மாறிப்போயிருந்தார். கடைக்குக் கண் காட்ட வந்த ஒரு டிரைவர் சொன்னான். "சார் இப்பல்லாம் நடுவுல நிறுத்தி நிறுத்தித்தான் சார் திட்டறாரு. நாங்க பதில் சொல்லக்கூட டைம் குடுக்கறாரு. வயசாக ஆக மனுஷன் கனிஞ்சிட்டாரு." ஷெட் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சாம். நல்ல புரதம் குணத்தையும் நல்லதாக்கிவிடும் போலிருக்கிறது என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்களாம். நானும் சிரித்துக்கொண்டே அவனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன்.

பிறகு ஒருநாள் மேட்டுத் தெருவில் தொட்டி இல்லை. அடிப்பக்கம் துருப்பிடித்துவிட்டதென்று பழுதுபார்க்க எடுத்துப் போயிருந்தார்கள். எடுத்துப் போகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரே மாமாதான். முந்தின இரவு சாப்பிடும்போது அதைப் பற்றி எங்களிடம் சொல்லியும் இருந்தார்.

அப்பாடா, இன்றைக்கு நிற்காமல் போகலாம் என்று நான் முன்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போய்ப் பக்கத்தில் ஆள் இல்லாததைக் கவனித்துத் திரும்பினேன். மாமா வழக்கமான இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஊன்றிக்கொள்ளத் தொட்டி இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் வைத்திருந்தார். தொட்டி இருந்த வெறும் தரையைக் குனிந்து பரிசோதித்தார். பிறகு தெருவின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். காற்று குளிர்ச்சியாக வீசிக்கொண்டிருந்தது. அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது.

நான் இறங்கி வந்தேன். "என்ன மாமா பாக்கறீங்க?"

"தொட்டி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "வைக்கிற இடம்," என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "சரியா இருக்கான்னு."

ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு. ஒரே மூச்சில் ஒரு டிரைவரின் சித்தப்பா வரைக்கும் போகிற மனிதர். இத்தனை நாளும் அவர் தொட்டிக்காக நிற்கவில்லை. நிற்கிற இடத்தில் தொட்டி இருந்தது, அவ்வளவுதான். அவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தது எங்களிடமா, தன்னிடமேயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தொட்டியை உண்மையாகவே பார்த்தவர்தான் அவர். அந்த ஆளுக்குப் பாதி உயிர் போனாலும் மீதி உயிர் குப்பையைப் பார்க்கும்.

"திரும்பிடலாம் மாமா," என்றேன்.

"உனக்கு முடியலையா?" என்று கேட்டார். குரலில் அதே இரக்கம்.

"ஆமா. எனக்கு முடியல," என்றேன்.

மாமா குளிக்கப் போயிருந்தபோது அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். "படி ஏறி வந்ததும் செருப்பக் கழட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கறாரு," என்றாள். "இடுப்பு வலின்னு நெனச்சிட்டிருந்தேன்." பிறகு, அழுது கேட்டால் வரமாட்டார், சண்டை போட்டாலும் வரமாட்டார், நீ சும்மா இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மாமா கொதித்துப்போய் வந்தார். ஷெட்டுக்குப் புதிதாக வந்த அதிகாரி சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டியிருக்கிறாராம். எல்லா வண்டியும் அதில் பச்சைப் புள்ளியாக ஓடுமாம்.

"பச்சையா ஓடுது, எல்லாம் சரியா இருக்குங்கறாரு," என்றார் மாமா. ஒரு வாய் சாப்பிட்டார். "நான் கேட்டேன். சார், வண்டி ஓடறது சரி." மூச்சு வாங்கினார். "தெருவ யாரு போய்ப் பாத்தது?"

"சரியாத்தான் கேட்டிருக்கீங்க," என்றாள் அக்கா, தட்டில் காய் வைத்துக்கொண்டே.

"பின்ன? எண்ணிக்கைய வச்சு ஊரு சுத்தம்னு சொல்லிட முடியுமா?"

"முடியாது. எடுக்கற வண்டி எத்தன இருந்தாலும், கொட்டறவங்க அதிகமா இருந்தா குப்பை நிக்கத்தான் செய்யும்."

"அதேதான்," என்றார் மாமா சந்தோஷமாக. இத்தனை வருடத்தில் அக்கா அவர் கொள்கையை இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொன்னதில்லை.

"அப்ப இந்தத் தெருவ யாரு போய்ப் பாத்தது?"

"எந்தத் தெரு?"

அக்கா கையிலிருந்த கரண்டியை அவர் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். "இது. நூத்தி எழுபத்தெட்டு வண்டின்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றீங்க. போய்ப் பாத்தீங்களா? அந்த அதிகாரியாவது ஒரு திரையப் பாக்கறாரு. நீங்க அடுத்த வரியக்கூடப் பாக்கல."

மாமா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு அவர் சட்டையில் விழுந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணனும் வாயுன்னுதான் சொன்னான்," என்றார் கடைசியில். "அந்த நம்பர் வந்தன்னிக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன். அது போயிடுமேன்னுதான்..." நிறுத்தினார். "பயமா இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள் அக்கா. "நாளைக்குக் காலைல போறோம். மூணு பேரும்."

டாக்டரம்மா என்னிடம் கேட்கச் சொன்ன கேள்வியை அவரிடம் நேராகவே கேட்டார். மேடு ஏறினால் நெஞ்சில் ஏதாவது பண்ணுகிறதா? மாமா முதலில் தொட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா அவர் முழங்கையைத் தொட்டதும், "பண்ணுது," என்றார். யாரோ உள்ளே கை வைத்து அழுத்துவதுபோல, நின்றால் விட்டுவிடும், இரண்டு மாதமாக இருக்கிறது என்றார். இரண்டு மாதம் என்பது அக்காவுக்கும் எனக்கும் புதுச் செய்தி. அந்தப் பரிசோதனை முடிவு வருவதற்கும் முன்னாலிருந்தே இருந்திருக்கிறது.

டாக்டரம்மா அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். மறுநாள் கைத் தமனியின் வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, இதயத்தின் ரத்தக்குழாய்களைத் திரையில் பார்த்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை. மாமா படுத்தபடியே திரையைப் பார்த்திருக்கிறார். ஒரு குழாயில், வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. அங்கேயே கம்பிவலை ஒன்றை வைத்து விரித்துவிட்டார்கள்.

"நானே பாத்தேன் மச்சான்," என்றார், என்னை உள்ளே விட்டதும். முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண்ணில் ஷெட்டுக் களை வந்திருந்தது. "முடுக்குல எடுக்காமலே விட்டிருக்கானுங்க. வருஷக்கணக்கா. அத்தன வண்டி இருந்து என்ன புண்ணியம்?"

"பி-யக் குறைக்க மாத்திரை குடுத்திருக்காங்க மாமா."

"கொட்டறவன நிறுத்தணும். அதான் சரி," என்றார். "உன் பி எவ்வளவு?"

நல்ல அளவுதான் என்றேன். அதற்கும் ஒரு பெருமூச்சு விட்டார். இந்தப் பெருமூச்சில் இரக்கம் குறைந்து கொஞ்சம் பொறாமை கலந்திருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

டாக்டரம்மா அனுமதி கொடுத்ததும் மறுபடி நடக்க ஆரம்பித்தோம். இந்த முறை கதவைத் தட்டியவன் நான். மாமாவின் காலிலும் நடப்பதற்கென்றே செய்த செருப்பு. முதலில் சமதரையில் மட்டும். பிறகு மெதுவாக மேட்டுத் தெரு. நான் அவர் பின்னாலேயே ஏறினேன், விழுந்தால் பிடிக்கலாமென்று. பழுதுபார்த்த தொட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மாமா அதைத் தாண்டி, பேசிக்கொண்டே, மேலே போய்விட்டார். நான்தான் நடுவழியில் நின்று மூச்சு வாங்கினேன்.

தெருப்பார் இப்போதெல்லாம் நிற்பதில்லை என்ற செய்தியும் நெட்டையின் காதுக்கு எட்டத் தவறவில்லை. ஒரு வாரத்தில் கழுவுவது நின்றது. அடுத்த வாரம் காலி செய்வதும் தள்ளிப்போயிற்று. பெயிண்டின் மேல் ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. பச்சைக் கதவு வீட்டம்மா ஒருநாள் எங்களை வழிமறித்தார்.

"முன்ன தினம் நின்னு பாப்பீங்க. இப்ப திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறீங்க. பெரிய பதவி ஏதாவது வந்திடுச்சா?"

மாமா என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தார். மனிதரின் இதயத்தில் அடைப்பு இருந்தவரைக்கும்தான் அந்த அம்மா வாசல் சுத்தமாக இருந்தது என்பதை எப்படி விளக்குவது? குப்பைத்தொட்டி நாறுவதைப் பார்த்து நான் ஒருவன்தான் அந்தத் தெருவில் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். தினமும் அதைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு மனதுக்குள் நெட்டையை வாழ்த்துவேன்.

நேற்றுக் காலை, அதே மேட்டில், அதே தொட்டியருகில், மாமா நின்றுவிட்டார். தொட்டியில் கை ஊன்றவில்லை, ஆனால் நின்றார். ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்த்தேன், நெற்றியைப் பார்த்தேன்.

"என்னடா?" என்றார்.

"ஏன் மாமா நின்னுட்டீங்க?"

"குப்பையப் பாக்கறேன்."

"நெஜமாவா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். தொட்டி நிரம்பி வழிந்து, பைகள் தெருவில் சரிந்து கிடந்தன. கைபேசியை எடுத்தார். நெட்டையின் பெயரை அழுத்தினார். அந்தப் பக்கம் தூக்கக் குரல் ஒன்று கேட்டதும் ஆரம்பித்தார். சோம்பல், கழுவாத வண்டி, பெயிண்ட் அடித்தது யாரை ஏமாற்ற, உடைந்த பின்விளக்கு, பச்சைக் கதவு வீட்டம்மா முன்னால் தான் விழித்தபடி நின்றது, எல்லாம் தடதடவென்று வந்துகொண்டிருந்தது. எங்கே நிறுத்துகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தவில்லை. என் கண்கள் கலங்கிவிட்டன. கொஞ்சம் தள்ளி நின்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்னடா, என்ன ஆச்சு?" என்றாள் பதறி.

"ஒண்ணுமில்லக்கா. மாமா மேட்டுல நின்னு நெட்டையத் திட்டறாரு."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"போனை அவர் பக்கம் காட்டு," என்றாள்.

கையை நீட்டிப் பிடித்தேன். மாமா அப்போது நெட்டையின் சித்தப்பாவுக்கு வந்திருந்தார்.